சுத்தியல் வாய்க்காரன்

ஆதிகாலக் கடல் ஊர்வனவற்றைப் பொம்மை வரிசையாகக் கொண்டுவர நினைப்பவர்களின் கை முதலில் மோசசாரஸிடம்தான் போகும். அடுத்தது நீள்கழுத்து பிளீசியோசாரஸ். இரண்டும் கடை அலமாரிகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.

சேகரிப்பவரை நிறுத்திப் பார்க்கவைப்பது அடோபோடென்டேட்டஸ் போன்ற ஆசாமிதான். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், சுமார் 24 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைத்தது. 2014-இல் பெயர் வைத்தபோது கையிலிருந்த மண்டையோடு சிதைந்திருந்தது; மேல்தாடை நடுவே ஜிப் போலப் பிளந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும் என்று வரைந்தார்கள். 2016-இல் நல்ல மண்டையோடுகள் வெளிவந்தன. ஜிப்பும் இல்லை, வளைவும் இல்லை. சுத்தியல் தலைபோல இருபுறமும் அகன்ற வாய்! முன்விளிம்பில் பாறைப் பாசியைச் சுரண்ட உளிப் பற்கள். பின்னால் அதைச் சலித்தெடுக்க ஊசிப் பற்கள். முதல் படத்தை நம்பி அச்சு செய்திருந்தால் இரண்டே ஆண்டில் பொம்மை காலாவதி.

ஜெர்மனியின் ஹெனோடஸும் நல்ல தேர்வு. ஒரு மீட்டர் நீளம், தட்டையான உடல், சதுர முகம். ஆமை மாதிரி இருக்கும், ஆமை அல்ல. ஓட்டில் ஆமைக்கு இருப்பதைவிட அதிகத் தகடுகள். வர்ணம் பூசுபவரின் பொறுமைக்குச் சோதனைதான்.

திருச்சி வட்டாரத்துக்கும் ஓர் இக்தியோசாரஸ் உண்டு. 1879-இல் தொல்லுயிரியலாளர் லைடெக்கர் அதற்கு ‘இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். ஆனால் கிடைத்தவை முதுகெலும்பின் கணுக்கள்தான். அதை வைத்து முகம் செதுக்க எந்தச் சிற்பியும் துணியமாட்டார்.