ஓவனின் ஆபிரகாமும் கட்டாயப் படைச்சேர்ப்பும்

ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1918-இல் உவமைக் கவிதையாக மாற்றி எழுதினார். அதில் தூதன் தடுத்தும் முதியவர் கேளார். ஆட்டுக்கடாவாக நிற்கும் தம் அகந்தையைப் பலியிட மறுத்து, மகனையும் ஐரோப்பிய இளைஞரில் பாதிப்பேரையும் வெட்டுகிறார். இதனைப் போர் எதிர்ப்புக் கவிதை என்று மட்டும் கூறி அமைவது போதாது.

பிரிட்டன் 1916 ஜனவரியில் 18 முதல் 41 வயதுவரையுள்ள மணமாகாத ஆடவரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் இயற்றிற்று. மே மாதத்தில் மணமானவரும் அதனுள் வந்தனர். ஆள்வோர் வீட்டிலும் சாவு நுழைந்தால் போருக்கு ஆதரவு குன்றும் என்பது இன்றும் பலர் கூறும் வாதம். கவிதையின் வலிமை இவ்வாதத்தை ஏற்காததில்தான் உள்ளது. முதியவர் வெட்டுவது அயலான் மகனையன்று. சட்டத்தைக் கொணர்ந்த பிரதமர் ஆஸ்குவித்தின் மூத்த மகன் ரேமண்ட், அவ்வாண்டு செப்டம்பரிலேயே சோம் களத்தில் மாண்டார். அமைச்சர் போனர் லா 1917-இல் இரு புதல்வரை இழந்தார். போர் நின்றபாடில்லை. மகன் வீணே மாண்டான் என்று ஒப்புக்கொள்ள எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

ஆயினும் கவிதையில் ஒரு குறையுண்டு. அதன் ஈசாக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்பதோடு சரி, மறுப்பதில்லை. வரலாற்றில் மறுத்தவர் உண்டு. போரில் முழுமையாக ஈடுபட்டிருந்த ஆஸ்திரேலியா, 1916-இலும் 1917-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் கட்டாயப் படைச்சேர்ப்பை இருமுறை நிராகரித்தது. வியட்நாம் போருக்காக அமெரிக்கா 1969 டிசம்பர் 1-இல் பிறந்தநாள்களைக் குலுக்கி எடுத்தது. முன்னதாக அழைக்கப்படும் எண்ணைப் பெற்ற இளைஞரே போரை மிகுதியாக எதிர்த்தனர் என்று எரிக்சன், ஸ்டோக்கர் ஆகியோரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. கண் திறந்தது ஈசாக்குக்கு, ஆபிரகாமுக்கன்று.

கவிதையில் குரு எவரும் இல்லை என்பதும் நம்மை உறுத்த வேண்டும். 1916-ஆம் ஆண்டுச் சட்டம் குருமாருக்கு விலக்களித்தது. வியட்நாம் காலத்து அமெரிக்காவில் இறையியல் மாணவருக்கும் விலக்கு இருந்தது. மோரியா மலை ஏறவேண்டாதவராயிருந்தும், பிறர் மக்களை ஏறச் சொன்னவர் நம்மவரில் பலர். இலண்டன் பேராயர் வின்னிங்டன்-இங்ராம் ஆள் திரட்டுவதில் முன்நின்றார்.

ஓவனும் குருத்துவப் பணியை நாடி 1911 முதல் 1913 வரை டன்ஸ்டன் குருமனையில் உதவியாளராயிருந்தவரே. நம்பிக்கை தளர்ந்து விலகினார்; 1915-இல் தாமாகவே படையில் சேர்ந்தார். 1918 நவம்பர் 4-இல், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், 25-ஆம் வயதில் மாண்டார்.