செப்புக் காசுக் குவியல்

விடிவதற்கு முன்பே பங்காருபேட்டை ஸ்டேஷனில் கூட்டம் சேர்ந்துவிடும். மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். பெங்களூரில் இறக்கிவிட்டு, இருட்டிய பிறகு திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து கோலார் தங்கவயலின் பிழைப்பு இதுதான். இந்தத் தண்டவாளத்தோரம் வளர்ந்தவன் கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்'கைப் பார்த்தால், சுல்தானுக்கு முன்னால் டெல்லியிலிருந்து தௌலதாபாதுக்கு நடத்திச் செல்லப்படும் ஜனங்கள்தான் கண்ணில் படுவார்கள்.

நாடகம் 1964-ஆம் ஆண்டினது. கர்னாடுக்கு அப்போது 26 வயது. வேலை சென்னையில், ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில். எழுதியது கன்னடத்தில். நேரு மறைந்த ஆண்டு அது என்பதால், பெருங்கனவு கண்ட ஆட்சியின் சரிவை மக்கள் இதில் பார்த்துக்கொண்டார்கள். பம்பாயில் அலெக் பதம்சீ 1970-இல் ஆங்கிலத்தில் போட்டார். கபீர் பேடி சுல்தான். கன்னட மேடையில் சி.ஆர். சிம்ஹாவின் துக்ளக்கைப் பற்றி இன்றும் பேச்சுண்டு. நம் பக்கம் 1968-இலேயே சோ 'முகமது பின் துக்ளக்' போட்டு, அந்தப் பெயரையே நையாண்டிக்குச் சொந்தமாக்கிவிட்டார். கர்னாடின் துக்ளக்கைத் தமிழர்கள் அதிகம் தேடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

பேர்பெற்ற மறு அரங்கேற்றங்கள் கோட்டையைத் தேடிப் போயின. 1970-களில் இப்ராஹிம் அல்காஜி டெல்லி புராணா கிலாவில், மனோகர் சிங்கை சுல்தானாக்கி, இடிந்த மதில்களையே மேடையாக்கினார். அந்தக் கோட்டையோ துக்ளக்குக்கு இருநூறு ஆண்டு பிந்தியது. ஹுமாயூன், ஷேர் ஷா காலம். 2012-இல் பானு பாரதி, யஷ்பால் சர்மாவை வைத்து ஃபிரோஸ் ஷா கோட்லாவில் நடத்தினார். இது துக்ளக்கின் சித்தப்பா மகன் கட்டியது. ஓரளவு வீட்டுக்குள் வந்தாயிற்று. கல்லும் தீப்பந்தமும் கண்ணை நிறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கோட்டை பெரிதாகப் பெரிதாக, ராஜாவும் பெரிதாகிவிடுகிறார்.

கர்னாடு கட்டிய முறை வேறு. பழைய கம்பெனி நாடகத்தில் ஒரு வழக்கம்: முன்னால் தெருப்படம் எழுதிய திரை தொங்கும், அதன் முன் பபூன் காமிக் அடிக்கும் நேரத்தில் பின்னால் தர்பாரை அடுக்குவார்கள். கர்னாடு அந்தக் காமிக் இடத்தை வண்ணான் அஜீஸுக்கும் அவன் கூட்டாளி ஆஜமுக்கும் கொடுத்தார். நாடகம் நகர நகர தெரு தர்பாருக்குள் ஏறிவிடுகிறது. கடைசியில் சுல்தானுக்கு எதிரே நின்று பேசுகிறவன் அஜீஸ்தான். அவனை வெறும் சிரிப்புக்காரனாக விட்ட தயாரிப்பு எதுவானாலும் பாதி நாடகம் போயிற்று.

வழிநடையில் ஒரு காட்சி. கையில் சாகக் கிடக்கும் குழந்தையோடு ஒருத்தி வைத்தியரிடம் போக அனுமதி கேட்கிறாள். அதிகாரி வேஷத்தில் இருக்கும் அஜீஸ் பணம் கேட்கிறான். இல்லையென்றால் நகரக் கூடாது என்கிறான். இதற்குக் கோட்டை எதற்கு? ஒரு முக்காலியும் ஒரு பெண்ணும் போதும். ஏதாவதொரு கவுண்டர் முன்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு மீதி தானே விளங்கும்.

அப்புறம் காசு. செம்புக்கு வெள்ளியின் மதிப்பு என்று சுல்தான் அறிவிக்க, ஊரெல்லாம் கள்ளக்காசு அடிக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டதால் செல்லாக்காசையும் வாங்கி வெள்ளி கொடுக்கிறார். வண்டி வண்டியாக வந்து இறங்கியதை, தான் ஆசைப்பட்ட ரோஜாத் தோட்டத்தில் கொட்டச் சொல்கிறார். அந்தக் குவியலைப் பார்வையாளன் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. அதை அட்டையில் செய்து மேடையில் வைக்கும் ஆசை இயக்குநருக்கு வரும், அடக்கிக்கொள்வது நல்லது.

தங்கவயலில் போட்டால் அந்த ஆசைக்கே வேலையில்லை. 120 ஆண்டு தோண்டிப் பொன்னை எடுத்துக்கொண்டு, அரைத்த மண்ணை ஊர் நடுவில் கொட்டிவிட்டுப் போன சயனைடு மேடுகள் வெள்ளை வெளேரென்று அப்படியே நிற்கின்றன. ஆடிக் காற்றில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து, மூடாமல் வைத்த சோற்றில் விழும்.