அட்டையின் பின்பக்கம்

கெடாரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், சுவாமி படங்களுக்கு ஒரு முழம் தள்ளி, தேக்குச் சட்டமிட்ட நிழற்படம் ஒன்று மூன்று தலைமுறையாகத் தொங்குகிறது. பாட்டனார் கைவைத்த நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கிறார். பாட்டியார் நாற்காலியின் முதுகைப் பற்றியபடி நிற்கிறார். பக்கத்து முக்காலியில் காகிதப் பூ ஜாடியும், பின்னால் திரைச்சீலையில் எழுதிய மாளிகைத் தூண்களும் படிக்கட்டும் தெரிகின்றன. அந்தப் படத்துக்கென்றே வாங்கிய செருப்புக்குள் பாட்டனாரின் விரல்கள் கூச்சத்துடன் சுருண்டிருப்பதை உற்றுப் பார்ப்பவர்கள் காணலாம். சென்ற வருஷம் வெள்ளையடிப்பதற்காகப் படத்தை இறக்கியபோது, அட்டையின் பின்பக்கம் ஊதா மையில் குத்திய ஒரு ரப்பர் முத்திரை கண்ணில் பட்டது. 'விழுப்புரம்' என்ற ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தது. அதற்கு மேலிருந்த ஆள் பெயரைச் செல் அரித்திருந்தது. பாட்டியார் அன்று உடுத்தியிருந்த புடவை யாரிடம் இரவல் வாங்கியது என்பதைக்கூட ஞாபகமாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்றும் இருக்கிறார்கள். படம் எடுத்தவர் யார் என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

சங்கீதக்காரருக்கு நாம் உற்சவம் எடுக்கிறோம். தியாகராஜருக்குத் திருவையாற்றில் வருஷந்தோறும் ஆராதனை நடக்கிறது. பாரதிக்குக் கல்கியின் முயற்சியால் எட்டயபுரத்தில் 1947-இல் மணிமண்டபம் எழுந்தது. காமிராக் கலைஞர் ஒருவர் பிறந்த ஊர், அவர் பெயரால் கூடி, அவர் எடுத்த படங்களைத் தெருவில் மாட்டி, தன் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டும் வழக்கம் நம்மிடம் ஏன் ஏற்படவில்லை என்ற எண்ணம் அந்தச் செல்லரித்த முத்திரையிலிருந்து எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு விழா எங்கேனும் நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே போனபோது, அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில் போய் நின்றேன்.

கார்டன் பார்க்ஸ் 1912-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி அவ்வூரில், ஒரு கறுப்பினக் குடியானவர் வீட்டில், பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடமும் கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு கட்டடமும் இருந்த காலம் அது. உங்களுக்கெல்லாம் கல்லூரி எதற்கு, சுமை தூக்கவும் வீட்டு வேலை செய்யவும்தானே போகப்போகிறீர்கள் என்னும் கருத்தில் ஓர் ஆசிரியை பேசியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தாயார் இறந்தபின் ஊரை விட்டுப் போய், விடுதியில் பியானோ வாசித்தும் ரயிலில் பரிசாரகராக இருந்தும் வயிறு வளர்த்தவர், அடகுக் கடை ஒன்றில் ஏழரை டாலருக்கு ஒரு பழைய காமிராவை வாங்கினார். அந்த ஏழரை டாலர் பிற்பாடு 'லைஃப்' பத்திரிகையின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரரை உலகத்துக்குக் கொடுத்தது.

1942-இல் வாஷிங்டன் நகரத்துச் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் அவர் எடுத்த படம் மிகவும் பிரசித்தமானது. அந்த அலுவலகத்தையே இரவில் துடைத்துக் கழுவிய எல்லா வாட்ஸன் என்ற அம்மையார், சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்கும் தேசியக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரை துடைக்கும் மாப்புக் கோலுமாக நின்றுகொண்டு, காமிராவுக்குச் சற்றே விலகிப் பார்க்கிறார். கொடி மங்கலாகவும், துடைப்பத்தின் ஒவ்வொரு குச்சியும் தெளிவாகவும் விழுந்திருக்கின்றன. இராஜ்ய தத்துவத்தைப் பற்றிப் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தத் துடைப்பக் குச்சிகள் சொல்லுவதை அவற்றில் எதுவும் சொன்னதில்லை.

இளமையில் தன்னை அவமதித்த ஊரைப் பற்றியே அவர் 'தி லேர்னிங் ட்ரீ' என்ற நாவலை எழுதி 1963-இல் வெளியிட்டார். 1968-இல் அதைச் சினிமாவாக எடுக்க அதே ஊருக்குக் காமிராவுடன் திரும்பி வந்தார். 2006-இல் காலமானபோது, தம் விருப்பப்படியே, பெற்றோர் அடங்கிய அந்த ஊர் மயானத்திலேயே அடக்கமானார். 2004 முதல், அங்குள்ள கல்லூரியில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையின் முயற்சியில், அக்டோபர் தோறும் விழா நடக்கிறது: படக்காட்சி, சொற்பொழிவு, சினிமா, புகைப்படப் போட்டி எல்லாம் உண்டு, சினிமா எடுத்த இடங்களில் அடையாளப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஒரு சுடுகாடும் காலனிக்கு ஒரு சுடுகாடும் என்று இன்றும் வைத்துக்கொண்டிருக்கும் நம் ஜில்லாவாசிகளுக்கு, பள்ளியில் சமமாக உட்காரவிடாத ஊரே அந்தப் பிள்ளையின் பெயரால் விழா எடுப்பதன் அர்த்தத்தைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். காமிரா தமிழகத்துக்குத் தாமதமாக வந்த சாதனமன்று. அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியிலேயே அது கற்பிக்கப்பட்டது. 1856-இல் ராஜதானி சர்க்கார் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. டிரைப் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றியோடும் கல்வெட்டை அவர் 21 துண்டுகளாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியிருப்பதை நினைத்தால், அந்த மனிதரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. கவர்னர் டிரவெல்யான் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதி 1860-இல் அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார். டிரைப்பின் பிராகாரங்களில் மனிதரைக் காண்பது அபூர்வம்; கல்லைப்போல ஜனங்கள் அசையாமல் நிற்கமாட்டார்கள் என்பது ஒரு காரணம்.

ஜனங்கள் படத்துக்குள் வந்த விதம் அதைவிட விசனகரமானது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவக்காரர் எடுத்த படங்கள், அவர் காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயின. சென்னைக் காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் கருவிகளால் அளந்து, 1909-இல் ஏழு பாகங்களாக வெளியிட்ட சாதிகளின் தொகுதியிலும் நிழற்படங்கள் உண்டு. அப்படங்களில் சாதியின் பெயர் இருக்கும்; அந்த மனிதருடைய பெயர் இருக்காது. எடுக்கப்பட்டவருக்குப் பெயரில்லாத அந்தப் படத்திலிருந்து, எடுத்தவருக்குப் பெயரில்லாத எங்கள் கூடத்துப் படம்வரை நம் புகைப்படச் சரித்திரம் நடந்து வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த நடையில் முக்கியமான கட்டம் ஸ்டூடியோ. அளவெடுப்பதற்காகவோ பரிதாபத்துக்காகவோ நிற்காமல், தன் காசைக் கொடுத்து, தான் விரும்பிய தோரணையில் சாமானியன் முதன்முதலாக நின்ற இடம் அதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் தலைநகரான பமாகோவில், 1948-இல் ஸ்டூடியோ வைத்த சேடு கைட்டா தம் கட்டில் விரிப்பையே பின்திரையாகத் தொங்கவிட்டு, வாடிக்கைக்காரர்களுக்கு ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் இரவல் கொடுத்து எடுத்த படங்களைப் பார்த்தபோது, விழுப்புரத்துக் காகிதப் பூ ஜாடியின் உடன்பிறப்பைக் கண்டதுபோல் இருந்தது. கைட்டாவை உலகமே இன்று கொண்டாடுகிறது. 1994 முதல் அந்நகரில் ஆப்பிரிக்கப் புகைப்பட விழாவும் நடக்கிறது. நம் ஸ்டூடியோக்காரர்களின் கண்ணாடி நெகடிவுகளோ கழுவித் துடைக்கப்பட்டு வெறும் கண்ணாடியாகப் போயின. எஞ்சியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பிரயாணத்தில் நடந்த காரியம். இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் பெற்றவர்களும் இல்லாமலில்லை. அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே இணைத்துச் செய்த கருவியால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். சென்னை இயற்கை ஆர்வலர் சங்கத்தார் அவர் ஞாபகமாகப் பரிசு கொடுப்பது படத்துக்கன்று, எழுத்துக்கு என்பது ஒரு வேடிக்கை. கி. ராஜநாராயணன் என்றதும் நம் மனக்கண்ணில் வரும் முகம் பெரும்பாலும் புதுவை இளவேனில் எடுத்த முகமே. இலங்கையில் 1944-இல் மறைந்த லயனல் வெண்ட் பெயரால் கொழும்பில் நாடக அரங்கும் கலைக்கூடமும் நிற்கின்றன. ஆயினும், சமூகத்தின் அடித்தட்டிலிருந்து வந்து, அதையே தம் காமிராவுக்குப் பொருளாகக் கொண்டவர்கள் என்று தேடும்போது, நாம் பேசவேண்டியது இன்றைய காலத்தைப் பற்றித்தான்.

மதுரைக் கரிமேடு மீன் சந்தையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார், பொறியியல் படிக்கும்போதே கடன் பட்டுக் காமிரா வாங்கியவர். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோது, மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் வீடுகளுக்குப் போய்ப் போய்ப் பெற்ற அனுபவமே அவருடைய கலையின் திசையைத் தீர்மானித்தது. கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் 'பாரி' அமைப்பில் பணியாற்றும் அவர், தயாநிதா சிங் பெயரோடு இணைந்த ஆவணப் புகைப்பட விருதை, அது ஏற்பட்ட 2022-லேயே பெற்றார். துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்துப் பயிற்றுவிப்பதை, அவர் படங்களைக் காட்டிலும் பெரிய காரியமாக நான் கருதுகிறேன்.

வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் வேறு விதமானவர். பிறருடைய துயரத்தைத் தேடிப் போவதைவிடத் தம் வீட்டு முற்றத்துக்குள்ளேயே பார்ப்பவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய பாட்டி பொன்னுத்தாயின் பேரனாகிய அவர், 2020-ஆம் வருஷத்து ஊரடங்கில் வீடு திரும்பி, தம் குடும்பத்தையே எடுத்த படவரிசைக்கு 'நான் ஒரு மீனைப்போல் உணர்கிறேன்' என்ற பொருள்படப் பெயர் வைத்தார். எங்கள் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமுண்டு. சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாட்களில் விழுப்புரத்து விடுதிகள் திருநங்கையரால் நிரம்பும். அவர்களைக் காட்டிலும் அதிகமாகக் காமிராக்காரர்களால் நிரம்பும் என்று ஊரில் பரிகாசமாகச் சொல்லுவார்கள். தாலி கட்டும்போதும் மறுநாள் அறுக்கும்போதும் முகத்துக்கு முழ தூரத்தில் லென்ஸை நீட்டும் அந்தக் கூட்டத்தின் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தாகிவிட்டது. ஜெய்சிங்கின் 'தி லாட்ஜ்' வரிசையோ, சடங்கை விட்டுவிட்டு, விடுதி அறைக்குள் அவர்கள் தாம் விரும்பிய தோரணையில் இருப்பதைக் காட்டுகிறது. நம் பழைய ஸ்டூடியோவின் மரியாதை அதில் மறுபடியும் உயிர் பெற்றிருக்கிறது.

இவர்களுக்கு விழாக்கள் உண்டா என்றால், உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2018-இல் தொடங்கிய 'வானம்' கலைத் திருவிழா, ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடி, இசை, நாடகம், இலக்கியம், சினிமா ஆகியவற்றோடு படக்காட்சியையும் சேர்த்துக்கொள்கிறது. 2016-இல் ஆரம்பித்த சென்னைப் புகைப்பட இருவாண்டு விழாவின் நான்காம் பதிப்பில், தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களின் படைப்புகளை ஜெய்சிங் தொகுத்து 'வானேறும் விழுதுகள்' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். பெயர் அழகானது. விழுது பூமியை நோக்கி இறங்குவதுதான் இயல்பு. மேலே ஏறவேண்டுமென்றால் அது தன் சுபாவத்தையே எதிர்க்கவேண்டும். ஆனால் இரண்டும் பட்டணத்தில் எடுக்கப்பட்ட விழாக்கள். கரிமேட்டிலோ வாடிப்பட்டியிலோ விழுப்புரத்திலோ, ஊரும் காலனியும் சேர்ந்து, இது நம் பிள்ளை எடுத்தது என்று பெருமையுடன் வந்து பார்க்கும் விழா இனிமேல்தான் வரவேண்டும். விழுப்புரம் என்றால் வெளியூர்க்காரர் அறிந்தவை ரயில் ஜங்ஷனும், 1978 ஜூலையில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்ட கலவரமும்தான். அப்படிப்பட்ட ஊரில் அத்தகைய விழா லகுவில் நடந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. ஃபோர்ட் ஸ்காட்டிலும் அது லகுவில் நடந்ததன்று.

சித்திரத்துக்கு இந்த மண் அந்நியமானதுமன்று. கெடாரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில், கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் வரைந்த ஆதிமனிதச் சித்திரங்கள் உள்ளன. குதிரைமேல் ஓர் உருவமும் பறவைமுகம் கொண்ட உருவங்களும் இன்றும் தெரிகின்றன. அவற்றை வரைந்தவனும் கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளையடிப்பு முடிந்து படத்தை மறுபடி மாட்டுவதற்குமுன், அதற்கு ஒரு பிரதி இருக்கட்டும் என்று பஸ் நிறுத்தத்துப் போட்டோக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் இளைஞர், ஆதார் அட்டை பிரிண்டும் பாஸ்போர்ட் அளவுப் படமும்தான் அவருடைய வியாபாரம். முன்பக்கத்தை ஸ்கேன் செய்து, பாட்டியாரின் முகத்தில் விழுந்திருந்த கறையைக் கணினியில் சாமர்த்தியமாக நீக்கினார். பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன்.

"அதுல ஒண்ணும் இல்லீங்களே சார்."

"இருந்தாலும் எடுங்க தம்பி."

"அதுக்குத் தனியா இருவது ரூபா ஆவும்."

எடுத்தார். திரையில் முத்திரையைப் பெரிதாக்கினார். செல் தின்ற ஓட்டைகள் குளம்போல் அகன்றன. முதலெழுத்து கோவா, கேயா என்று எங்கள் இருவருக்கும் சச்சரவு. அவர் கே என்றார். தமக்கு முன் அந்தத் தொழிலில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் படத்துக்காக வந்து நின்ற பெண்மணியும் எட்டிப் பார்த்து, கோதான் என்றாள். அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது.