நாலடிமேல் வைப்பும் கேட்போர் செவியும்

இசையின் அமைப்பிலே நிகழும் மாற்றத்தைக் கேட்போர் உணர்கின்றனரோ, உணரின் எதுகொண்டு உணர்கின்றனர் என்னும் வினா இசைவாணர்க்கே உரியதெனச் சிலர் கருதுவர். திருப்பதிகங்களைப் பண்ணொடு கேட்டுப் பொருளுணர விழையும் அன்பர்க்கும் அஃது உரியதேயாம். இராகம் மாறினாலன்றிக் கேட்போர்க்குச் சுவை தோன்றாதாதலின், ஒரு பதிகத்துப் பாடல்களைப் பாடலுக்கோர் இராகமாக மாற்றிப் பாடுதலே தக்கதென இக்காலத்து அரங்கிற் பாடுவோர் சிலர் கூறுகின்றனர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைத் திருவாவடுதுறைத் திருப்பதிகம் ஒன்றுகொண்டு ஆராய்வாம்.

மூன்றாந் திருமுறையில் 4ஆம் பதிகமாக நிற்கும் அது, தந்தையார் சிவபாத இருதயர் வேள்விக்குப் பொருள் வேண்டியபொழுது ஆளுடைய பிள்ளையார் அருளியது. ஆயிரம் பொன் கொண்ட கிழி பெற்றது. பண் காந்தாரபஞ்சமம். ஓதுவார்கள் கேதாரகௌளையில் ஓதுவர். யாப்பு நாலடிமேல் வைப்பு. குறுகிய நான்கடி நடந்து முடிய, அவற்றின்மேல் வேறு நடையினவாகிய அடிகள் வைக்கப்படுவது.

முதற்பாடலைக் கேட்பவன் செவி நான்காமடியில் பாட்டு முடிந்ததென்று அமைகின்றது. நாலடிச் செய்யுளிற் பழகிய தமிழ்ச் செவி அங்ஙனம் அமைதல் இயல்பே. அமைந்த அந்நிலையிலேதான் வைப்பு வந்து புகுகின்றது. நான்கடியும் சொல்வன யாவை? எத்துன்பம் வரினும் நின்னடியன்றிப் பிறிதறியேன் என்னும் உறுதியும், இறைவன் பெருமையும். வைப்புச் சொல்வது யாது? எமக்கு ஈவதொன்று இல்லையாயின் எம்மை ஆளும் முறை இதுவோ என்னும் உரிமை வழக்கு. நடை திரும்பும் இடமும் கருத்துத் திரும்பும் இடமும் ஒன்றேயாதல் காண்க. இசையிலக்கணம் ஓரெழுத்தும் அறியாதவனும் ஈண்டு ஏதோ மாறிற்றென்று நிமிர்ந்து அமர்வான்.

இரண்டாம் பாடலில் அதே வைப்பு அச்சொல்லொடும் அவ்விசையொடும் மீள்கின்றது. மூன்றாவதில் கேட்பவன் அதனை எதிர்நோக்குகின்றான்; நான்காவதில் வாய்க்குள் உடன்பாடுகின்றான். எதிர்பார்த்தலும், அது நிறைவேறுதலும் தடைப்படுதலுமே இசையின்பத்துக்கு வேர் என லெனர்டு மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் 1956இல் ஒரு நூல் செய்தார். நம் அடியார் கூட்டத்துக்கு அது புதுச் செய்தியன்று. எட்டாம் பாடலில் இராவணன் வரக் கேட்டவுடனே, பதிகம் முடிவை அணுகிற்றென்று கோயிலிலுள்ள மூதாட்டியரும் அறிவர். மாலும் அயனும் தேடியது அடுத்து வரும். புறச்சமயத்தார் அதனை அடுத்து வருவர். பாட்டின் அமைப்பை இசையால் மட்டுமன்றிப் பொருளாலும் கேட்கும் செவி அது.

இனித் திருக்கடைக்காப்பு. பத்துப் பாடலிலும் தவறாது வந்த வைப்பு பதினோராவதில் வாராது. வைப்பின் இடம் இருக்கின்றது, சொல் வேறு. வழக்குரைத்த இடத்திலே, இம்மாலை வல்லார் வினை நீங்கி விண்ணுலகெய்துவர் என்னும் பயன் நிற்கின்றது. வேண்டுதல் ஓய்ந்தது, பேறு வந்தது என்பதைக் கேட்பவன் உணர்வது இம்மாற்றத்தாலேயாம். பதிகம் முழுவதிலும் பெரிய மாற்றம் இதுவே என்பது எம் கருத்து. பத்துமுறை மாறாது வந்ததனாலன்றோ பதினோராவது மாற்றம் மாற்றமாகத் தோன்றுகின்றது? பாடலுக்கோர் இராகம் அமைப்பின், செவி ஒவ்வொரு முறையும் புதிய இராகத்தைத் தேர்வதிலே முனைந்துவிடும். வைப்பு மீள்வதென்பதே இல்லையாகும். கடைக்காப்பு மற்றுமோர் இராகமாக ஒழியும்.

ஓர் ஊர்த் திருக்கோயிலில் ஒருவர் இப்பதிகத்தில் மூன்று பாடலை மூன்று இராகத்தில் தாளமின்றி விருத்தமாகப் பாடக் கேட்டேன். குரல்வளம் மறுத்தற்கில்லை. இராகம் மாறுந்தோறும் கைதட்டல் எழுந்தது. எனக்கு அண்மையில் ஓர் அம்மையார் முதல் வைப்பைத் தாமும் மெல்ல உடன்பாடினார். இரண்டாவதில் வாய் தடுமாறினார். மூன்றாவதில் கைகூப்பி வாளா இருந்தார். ஒருவரைக்கொண்டு உலகை அளத்தல் முறையன்று. எனினும் கைதட்டினாரும் அவரும் ஒன்றையே கேட்டாரென்று என்னாற் சொல்ல முடியவில்லை.

பாணரே பின்தொடர இயலாது யாழை முரிக்க ஓங்கினாரன்றோ, எளிய கேட்போர் நுட்ப மாற்றத்தை எங்ஙனம் உணர்வர் எனின், அற்றன்று. யாழ்முரி நிகழ்ந்த தருமபுரம் (காரைக்காலை அடுத்தது, மயிலாடுதுறைப் பக்கத்து ஆதீனத் தலமன்று) தந்த பாடம் வேறு. திருநீலகண்டப்பெரும்பாணர் யாழில் இடுதலாலேயே பதிக இசை உலகிற் பரந்ததென்று அவர்தம் சுற்றத்தார் மொழிந்தனர். மிடறும் நரம்பும் பிரிவின்றி ஒன்றிச் சென்றமையால், எது எதனைத் தாங்குகின்றது என அவர் செவிக்குப் புலப்படவில்லை. நரம்புக்கோர் இசையாகக் கட்டிய யாழில் அடங்காதவாறு பிள்ளையார் பாடியருளிய அப்பொழுது வேற்றுமை வெளிப்பட்டது. அதனை உணர அச்சுற்றத்தார் இசைநூல் கற்க வேண்டியிருந்ததில்லை.

கட்டளை வேறுபாடு மட்டும் அத்துணை எளிதிற் புலனாவதன்று என்பதை ஒப்புகின்றோம். முதல் திருமுறையில் நட்டபாடைப் பதிகங்கள் 22. அவற்றுக்குக் கட்டளை எட்டு. பண் ஒன்றேயாதலின் கேட்போர் பலர் வேற்றுமை காணார். மடத்துப் பாடசாலையில் யாம் தொடையில் தாளமிட்டு ஓதியபொழுது, கட்டளை மாறும் பதிகத்தில் கைதான் முதலில் தவறும். காது பின்னரே அறியும். அக்கைப்பயிற்சி இல்லார்க்கு அதனைச் சொல்லால் விளக்கல் அரிது.

இக்காலத்து ஓதுவார்க்குக் கிடைக்கும் நேரம் சிறிது. பதினொன்றும் ஓதுக என வற்புறுத்துதல் இயலாது. இரண்டே பாடற்கு இடமுண்டாயின், வைப்புடைய பாடல் ஒன்றும் திருக்கடைக்காப்பும், காந்தாரபஞ்சமத்திலேயே, ஒரே தாளத்தில் ஓதுவாராக. அம்மையார் போல்வார் உடன்பாடற்கு அவ்வளவு போதும்.