அடைக்கலமும் ஆற்றலும்

இறைவன் திருவுள்ளத்திற்குத் தம்மை ஒப்புவித்தல் ஆற்றலிலார் செயலேயாம் என்று கூறுவார் உளர். அக்கூற்றுப் பொருந்துமோ என்பதனைத் திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றின் ஓரிடங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆறாந் திருமுறையிலுள்ள மறுமாற்றத் திருத்தாண்டகம், பல்லவ மன்னன் ஏவலால் தம்மை அழைக்க வந்த அமைச்சர்க்குச் சுவாமிகள் அருளிய மறுமொழி என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். தாம் எவர்க்கும் குடியல்லர் என்பதும், சிவபெருமானுக்கே ஆட்பட்டவர் என்பதும் அதன்கண் ஒருங்கே கூறப்பட்டுள. அடிமை எனத் தம்மைக் கூறுவார் அரசாணைக்கு அடங்கேன் எனல் முரணாமன்றோ எனின், ஆகாது. ஒருவனுக்கே முற்றும் உரியதாகிய பொருளைப் பிறன் தன்னதென்று கொள்ளல் இயலாது. ஆகலின், ஆட்பட்டமையே அஞ்சாமைக்குக் காரணமாயிற்று என்க.

அற்றேல், மறுத்தவர் பின்னர் அமைச்சருடன் சென்றது என்னையெனின், அவர் அடிபணிந்து வேண்டினமையாற் சென்றனரேயன்றி, ஆணைக்கு அஞ்சிச் சென்றாரல்லர். சேக்கிழார் பெருமான் இவ்விரண்டனையும் அடுத்தடுத்து வைத்தமை உற்று நோக்கற்பாலது. மறுப்பை மட்டும் கூறின் செருக்கெனவும், சென்றமையை மட்டும் கூறின் அச்சமெனவும் கொள்ளப்படும். வருவதனை இறைவன் காப்பான் என்னும் துணிவொன்றே இரண்டற்கும் மூலமாம். ஏழு நாள் நீற்றறையும், நஞ்சும், யானையும், கடலிற் கல்லொடு பிணித்திட்டதும் இதன் பின்னரே நிகழ்ந்தன. எனவே, இத்துணிவு துன்பம் நீங்கியமை கண்டு பிறந்ததன்று; துன்பம் வருமுன்னரே நிலைபெற்றது.

சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் பாசநீக்கத்திற்கு இறைபணி நிற்றலைக் கூறுகின்றது. பணி என்றமையாற் செயலறுதல் பொருளன்று. யான் எனது என்னும் செருக்கறுதலே பொருளாம். அரசனுக்கு அஞ்சாத சுவாமிகள் உழவாரத்தைக் கைவிடாது திருக்கோயில்தோறும் புல் செதுக்கினமை இதற்குச் சான்றாம்.

இதனைப் பிறர்க்கே கூறுகின்றோமல்லோம். யாம் ஆசிரியப் பணியிலிருந்த காலத்து, செல்வாக்குடையார் ஒருவர் செய்த தீங்கைக் கண்டும் வாய்திறவாதிருந்து, “எல்லாம் அவன் செயல்” என்று அமைந்ததுண்டு. அன்று அதனை அடைக்கலம் என்றே எண்ணினோம். இத்திருப்பதிகத்தைப் பின்னர்ப் பலகால் ஓதியபோதுதான், அஃது அச்சத்திற்கு யாம் இட்ட நற்பெயர் என்பது விளங்கிற்று. மெய்யடைக்கலம் நாவை அடக்குவதன்று. அதனை அச்சத்தினின்றும் விடுவிப்பது. ஆதலின், அன்பர்கள் “அவன் செயல்” என்று கூறுமுன், தாம் அப்பொழுது அஞ்சுவது எவரை என ஒருகால் தம்முள்ளே வினாவிக் கொள்வாராக.