பசித்திருந்த கைகள்

ஆலயங்களில் சுரூபங்களின்முன் மண்டியிடும் நாம், அவற்றை வடித்த கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய கைகள் லூயிசா ரொல்தானுடையவை. 1652-இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் பிறந்த அவர், சிற்பியான தந்தை பேத்ரோ ரொல்தானின் பட்டறையில் தொழில் கற்றார். 1692-இல் மன்னர் இரண்டாம் கார்லோசின் அரசவைச் சிற்பியானார். அந்நாட்டில் அப்பதவி பெற்ற முதல் பெண் அவரே.

அதே ஆண்டில் அவர் வடித்த தூய மிக்கேலின் வண்ணந்தீட்டிய மரச்சுரூபம் எஸ்கோரியால் மடத்தில் உள்ளது. அலகையை வீழ்த்தும் அதிதூதரின் வீறு அதில் குறைவின்றித் தோன்றுகிறது. ஆயினும் அவருடைய உள்ளம் முழுமையாகத் திறப்பது சிறிய சுடுமண் தொகுதிகளிலேயே. அவற்றுள் சிலவற்றில் வானதூதர் கூட்டம் மிகுந்து இனிமை திகட்டுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. 'கிறிஸ்துவின் அடக்கம்' அவ்வாறன்று. அரை மீட்டர் உயரமே உள்ள அத்தொகுதியில், உயிரற்ற திருவுடலைச் சூழ்ந்து நிற்போர் ஒவ்வொருவரும் தத்தம் துயரைத் தாமே சுமக்கின்றனர்.

அச்சிற்பமே ஒரு விண்ணப்பம். அரியணை ஏறிய ஐந்தாம் பிலிப்பிடம் மீண்டும் அப்பதவியை வேண்டி அளித்தது அது. 1701-இல் பதவி கிடைத்தது, வறுமை நீங்கவில்லை. முன்னரே உணவும் உறைவிடமும் வேண்டி அரண்மனைக்கு மடல்கள் எழுதியவர், 1706 ஜனவரியில் மாத்ரித் நகரில், தாம் ஏதுமற்ற ஏழை என எழுதிக்கொடுத்துச் சில நாள்களில் மறைந்தார்.

சுரூபத்தின் அழகில் உருகுவது பக்திதான். அதனை வடித்தவருக்குரிய கூலி சென்று சேர்ந்ததா எனக் கேட்பதும் பக்தியே அன்றோ?