பேயும் யந்திரமும்

விஞ்ஞான நாவலும் பேய்க் கதையும் இலக்கியத்தில் சேருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சேராது என்றுதான் நானும் வெகுகாலம் சொல்லிவந்தேன். திருச்சியில் ஒரு கூட்டத்தில் மேடையேறியே சொல்லியிருக்கிறேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர் எந்த விமரிசகரும் அல்ல. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் இருந்த என் அத்தை.

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. சில நாள் படிக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. தினமும் சாயங்காலம் சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். முதல் நாள் என் நாவலையே எடுத்துப் போனேன். மூன்றாம் பக்கத்தில் அத்தை தூங்கிவிட்டாள். “நாளைக்கு வேறே ஏதாவது கொண்டு வாடா” என்றாள். மறுநாள் கைக்கு அகப்பட்டது சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’.

சுஜாதா (1935–2008) ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பின்னால் என்ஜினீயரானவர். பாட்டியும் என்ஜினீயரும் சேர்ந்து எழுதினாற்போல் இருக்கிறது இந்த நாவல். வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஒரு பெண்ணின் சொத்து விஷயமாகப் போகிறார்கள். போன இடத்தில் ஒரு பெண் உருவம் தென்படுகிறது. ஆவியா? அல்லது ஹோலோகிராம் என்கிறார்களே, அந்த ஒளி ஜாலமா? இரண்டு கதவுகளையும் ஆசிரியர் திறந்தே வைத்திருக்கிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

அன்றிரவு அத்தை கூடத்து விளக்கை அணைக்க விடவில்லை. காரணம் பேய் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வாரிசு, சொத்து, காத்திருக்கும் உறவினர் எல்லாம் அவளுக்குத் தெரிந்த சமாசாரங்கள். வீட்டுச் சண்டையை நம்பிய பிறகு பேயை நம்புவது சிரமமில்லை.

இன்னொன்றும் உண்டு. 1987-ல் 236 அடி ராஜகோபுரம் எழும்பு முன், அங்கே நின்றது பாதியில் விட்ட மொட்டைக் கோபுரம். இருட்டியபின் அந்தப் பக்கம் போனால் பேய் பிடிக்குமென்று எங்களை மிரட்டுவார்கள். கட்டி முடித்த பிறகு அந்தப் பேயைப் பற்றிப் பேச்சே இல்லை! முடிக்காத இடத்தில்தான் பேய் குடியிருக்கிறது. ‘காஞ்சனை’ எழுதிய புதுமைப்பித்தனுக்கு இந்த ரகசியம் தெரியும்.

பேய்க் கதையும் விஞ்ஞானக் கதையும் உடன்பிறப்புகள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818), ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவதென்று நண்பர்கள் பேசிக்கொண்டதில் பிறந்தது. வந்ததென்னவோ பேய் அல்ல. ஒரு விஞ்ஞான மாணவன்.

அடுத்து ‘என் இனிய இயந்திரா’ படித்தோம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் வருங்கால இந்தியா. ஜீனோ என்ற யந்திர நாய் புஸ்தகம் படிக்கிறது, யோசிக்கிறது. மனிதர்கள் யோசிப்பதை விட்டுவிட்டார்கள். ஆரம்பத்திலேயே நிலா என்பவளுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள சர்க்கார் அனுமதி வருகிறது. அந்த இடத்தில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் குழந்தை கிடையாது. அதற்காக எத்தனை பேர் என்னென்ன பேசினார்கள் என்பதை நான் அறிவேன்.

“எனக்கு அந்தக் கடுதாசி வரவேயில்லையேடா” என்றாள்.

அறுபது வருஷமாக யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. என் குடும்ப நாவல் எதுவும் அவளிடமிருந்து இந்த ஒரு வார்த்தையை வரவழைக்கவில்லை. இலக்கியமா என்று இனி நான் எப்படிக் கேட்பேன்?

குறைகள் இல்லாமல் இல்லை. வாரத் தொடரின் அவசரம் இரண்டிலும் தெரிகிறது. அத்தியாயம் முடியும்போதெல்லாம் ஒரு திடுக்கிடல் வந்தாக வேண்டியிருக்கிறது. பாத்திரங்கள் பலரும் ஆசிரியரைப் போலவே சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். ஒரே மூச்சில் படித்தால் இவை உறுத்தும். ஆகவே தினம் இரண்டு அத்தியாயமாகப் படியுங்கள். முதலில் ‘கொலையுதிர் காலம்’, பிறகு ‘என் இனிய இயந்திரா’. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உரக்கப் படியுங்கள். அவர்கள் நடுவில் நிறுத்தச் சொன்னால் புஸ்தகத்தை மூடிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.